தீக்காயத்தின் ஆழத்தை எப்படி அளப்பது?

சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலை வெடித்ததில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எங்க பக்கம் இப்படி ஒரு விபத்து நடந்தால் பேச்சு செத்தவங்க கணக்கோடு முடிந்துவிடும். பிழைத்தவர்களுக்கு வார்டில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் தீக்காயம் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

மருத்துவருக்கு முன்னால் இரண்டு கேள்விகள். எவ்வளவு பரப்பு? எவ்வளவு ஆழம்? பரப்புக்கு ‘ஒன்பது விதி’ இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு கை 9 சதவீதம், ஒரு கால் 18 சதவீதம். அதையும் உடல் எடையையும் வைத்து எவ்வளவு திரவம் ஏற்றணும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஆழம்தான் சிக்கல். மேலோட்டமாக வெந்தது தானாக ஆறிவிடும். முழுத் தோலும் வெந்திருந்தால், பெரும்பாலும் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டணும். இந்த இரண்டும் கண்ணுக்கே தெரியும். நடுத்தர ஆழக் காயம்தான் ஏமாற்றும். அனுபவமுள்ள மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொன்னாலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தப்பாகிறது. ஆறக்கூடிய காயத்தில் ஒட்டினால் தேவையில்லாத அறுவை, தொடையில் இன்னொரு புண். ஆறாத காயத்துக்குக் காத்திருந்தால் தழும்பு தடித்து விரல் மடங்கிப்போகும். திரி செருகிப் பிழைக்கிற கைக்கு அது பிழைப்பே போன மாதிரி.

இங்கேதான் லேசர் டாப்ளர் படம் உதவுகிறது. ரயில் நம்மைத் தாண்டும்போது ஹாரன் சத்தம் மாறுகிறதல்லவா, அதே தத்துவம். ஓடுகிற ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைவெண் லேசாக மாறும். அதை வைத்துப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ரத்த ஓட்டத்தின் அளவு ஓர் எண்ணாகக் கிடைக்கும். நுண்குழாய்கள் பிழைத்த இடம் சிவப்பு: 14 நாளுக்குள் ஆறும். கருகிய இடம் நீலம்: 21 நாளுக்கு மேல் ஆகும், ஒட்டுவது பற்றி யோசிக்கணும். இப்படிப் பார்த்தால் கணிப்பு 95 சதவீதத்துக்குக் கிட்டே சரியாக வருகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-லேயே இதைப் பரிந்துரைத்தது.

ஆனால் எண் என்றதும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எடுக்க வேண்டிய நேரம், காயம்பட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு, 5 நாளுக்குள். புண்ணில் கிருமி பிடித்தால் ரத்த ஓட்டம் கூடி, ஆறும் காயம் போலப் பொய் சொல்லும். களிம்பு ஒட்டியிருந்தாலும், நோயாளி அசைந்தாலும் படம் கெடும். அதனால் மருத்துவரின் கண்ணும் இந்தப் படமும் சேர்ந்துதான் முடிவு எடுக்கணும்.

இந்தக் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும், உங்க ஆள் யாராவது தீக்காய வார்டில் இருந்தால் மூன்றாம் நாள் ஒரு கேள்வி கேளுங்க: “டாக்டர், இந்தக் காயம் மூணு வாரத்துக்குள்ள தானா ஆறிடுமா?” தோலை ஒட்டுவதா, காத்திருப்பதா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.