சிவப்புக்கு அடியில் சாம்பல்

செவ்வாயின் சிவப்பு வெறும் மேற்பூச்சுதான். 2013 பிப்ரவரியில் கியூரியாசிட்டி ஊர்தி, கேல் பள்ளத்தில் ‘ஜான் கிளைன்’ எனப் பெயரிட்ட பாறையைச் சுமார் 6.4 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டது. செவ்வாயில் பாறையைக் குடைந்து மாதிரி எடுத்தது அதுவே முதல் முறை. படத்தில், துளையின் விளிம்பில் குவிந்திருக்கும் தூளைப் பாருங்கள்: சாம்பல் நிறம், துரு ஏறவில்லை. இந்தக் கூடத்தில் நின்று பார்க்க வேண்டிய படம் இதுதான் என்போம்.

அந்தத் தூளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமங்கள். நீரில்லாமல் அவை உருவாகா. அதுவும் அமிலமோ உப்போ மிகாத நீர். 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஏரியின் அடியில் படிந்த சேறு அது. துளையிட்டதற்கு முந்தைய ஆண்டு, அருகிலேயே கூழாங்கற்கள் பதிந்த பாறையும் கிடைத்தது. காற்று உருட்ட முடியாத பருமன். முனை மழுங்கி உருண்டவை. ஓடும் நீரின் வேலை.

இன்று அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அன்று ஏரி நிலைக்கத் தேவையாயிருந்த அடர்ந்த காற்று எங்கே போனது?

ஆர்கான் விடை சொல்கிறது. அது எதனுடனும் வினைபுரியாத வாயு. குறைந்திருந்தால் விண்வெளிக்குத்தான் போயிருக்க வேண்டும். எடை குறைந்த ஆர்கான்-36 எளிதில் தப்பும், ஆர்கான்-38 பின்தங்கும். மேவன் விண்கலம் இரண்டின் விகிதத்தை அளந்தது. இருந்த ஆர்கானில் சுமார் 65 சதவீதம் போய்விட்டதென 2017-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். கோள் முழுவதையும் காக்கும் காந்தப்புலம் இல்லாததால், சூரியக் காற்று செவ்வாயின் மேல்வளியை இப்போதும் அரிக்கிறது.