சொந்த ரத்தமே மருந்து!

மருந்து என்றால் நமக்குத் தெரிந்தவை மாத்திரை, மிக்ஸ்சர், ஊசி. எதுவானாலும் வெளியிலிருந்து உடம்புக்குள் போவதுதான். ஆனால் நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்து, சோதனைச்சாலையில் வளர்த்து, மறுபடி அவருக்கே கொடுக்கும் மருந்து ஒன்று உண்டு. அந்த மருந்தைக் குழந்தைகளில் முதன் முதலாகப் பெற்றவள் எமிலி வைட்ஹெட் என்ற அமெரிக்கச் சிறுமி.

2010-ஆம் ஆண்டு மே மாதம். எமிலிக்கு வயது ஐந்து. உடம்பில் அங்கங்கே கன்றிப்போன அடையாளங்கள், மூக்கில் ரத்தம், முழங்காலில் வலி. ஓடி விளையாடும் குழந்தைக்கு இதெல்லாம் சகஜந்தானே என்று எந்தத் தாய்க்கும் தோன்றும். ரத்தத்தைச் சோதித்தபோதுதான் புற்றுநோய் என்று தெரிந்தது.

குழந்தைகளுக்கு வரும் இந்த வகை ரத்தப் புற்றுநோய் முன்போல் எமன் அல்ல. மேல்நாடுகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து குழந்தைகளுக்கு மேல் கீமோதெரபி மருந்துகளாலேயே பிழைத்து விடுகிறார்கள். எமிலியின் துரதிர்ஷ்டம், அவள் மீதிப் பதினைந்தில் ஒருத்தியாக இருந்தாள். போனது போல் போன நோய் இரண்டு முறை திரும்பி வந்தது. 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை.

அந்தச் சமயத்தில்தான் பிலடெல்பியா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டீபன் க்ரப் ஒரு புதிய சிகிச்சையைப் பரீட்சிக்க ஆயத்தமாக இருந்தார். அதற்கு முன் பெரியவர்கள் சிலருக்கு மட்டுமே அதைக் கொடுத்திருந்தார்கள். எந்தக் குழந்தைக்கும் கொடுத்ததில்லை. கொடுத்தால் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எமிலியின் தாயும் தந்தையும் சம்மதித்தார்கள்.

வீட்டுப் பிள்ளையே திருடனானால்?

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்களோடு வெள்ளை அணுக்களும் உண்டு. வெள்ளை அணுக்களில் 'டி அணு' என்பது ஒரு வகை. இவை இரவும் பகலும் ரோந்து சுற்றும் காவலாளிகள். அந்நியக் கிருமி தொற்றிய அணுவைக் கண்டால் அதைத் தீர்த்துக் கட்டிவிடும்.

அப்படியானால் புற்றுநோயை ஏன் விட்டுவிடுகின்றன? புற்றுநோய் வெளியிலிருந்து வந்த திருடன் அல்ல. நம் உடம்பின் அணுவேதான் கெட்டுப்போய் அப்படி ஆகிறது. வீட்டுப் பிள்ளையே திருடனாகிவிட்டால், வாசலில் நிற்கும் காவலாளி பாவம், என்ன செய்வான்?

காவலாளிக்குத் திருடனின் அங்க அடையாளத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டால்? இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி ஸெலிக் எஷ்ஹார் 1980-களின் இறுதியில் இதற்கு வழி காட்டினார். பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் கார்ல் ஜூன் பல ஆண்டுகள் பாடுபட்டு அதைச் சிகிச்சையாக்கினார். இதற்குக் 'கார்-டி' சிகிச்சை என்று பெயர். மோட்டார் காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

உறை ஊற்றிய பால் போல

முதலில் நோயாளியின் ரத்தம் குழாய் வழியாக ஓர் இயந்திரத்துக்குள் போகிறது. இயந்திரம் வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதி ரத்தத்தை உடம்புக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. பிரித்த டி அணுக்கள் சோதனைச்சாலைக்குப் போகின்றன.

அங்கே அவற்றுக்குப் பாடம் நடக்கிறது. பாடத்தைச் சுமந்து போவது எது தெரியுமா? எய்ட்ஸ் நோயை உண்டாக்குகிறதே, அந்த வைரஸ்தான்! பயப்பட வேண்டாம், அது விஷப் பல் பிடுங்கிய பாம்பு. நோயைப் பரப்பும் பகுதிகளை எடுத்துவிட்டார்கள். டி அணுக்குள் நுழையும் சாமர்த்தியம் மட்டும் மிச்சம். அது கொண்டுபோகும் செய்தியைப் படித்த டி அணு, தன் மேற்புறத்தில் புதிதாக ஒரு கொக்கியை முளைக்க வைத்துக்கொள்கிறது. எமிலியின் புற்றணுக்கள் மீது 'சி.டி. 19' என்ற அடையாளம் இருந்தது. அதைப் பற்றிப் பிடிப்பதற்கே இந்தக் கொக்கி.

பிறகு அணுக்களைப் பெருக்க வேண்டும். ஒரு கரண்டி மோர் ஒரு பாத்திரம் பாலைத் தயிராக்குவதற்கு எப்படி இளஞ்சூடு வேண்டுமோ, அப்படியே இதற்கும் உடம்பின் சூடு வேண்டும். சத்துள்ள திரவம் வேண்டும். தூசி தும்பு படாத சுத்தம் வேண்டும். பத்து நாட்கள் போல வளர்ந்து அவை கோடிக்கணக்கில் பெருகுகின்றன. கிருமி கலக்கவில்லை என்று சோதித்த பின், ஒரு சிறு பையில் நோயாளியிடம் திரும்பி வருகின்றன.

ஜுரத்தில் வெந்த உடல்

2012 ஏப்ரலில் எமிலியின் நரம்பு வழியே அந்த அணுக்கள் ஏறின. சில நாட்களில் ஜுரம் கண்டது. 105 டிகிரியையும் தாண்டியது. ரத்த அழுத்தம் இறங்கியது. மயக்க நிலையில், மூச்சுவிடும் இயந்திரத்தின் துணையில் குழந்தை கிடந்தாள். மருந்து வேலை செய்யாததால் வந்த விபரீதமல்ல இது; அளவுக்கு மீறி வேலை செய்ததால் வந்தது! காவல் அணுக்கள் போரிடும்போது உடம்பில் பல ரசாயனங்கள் பெருகும். எமிலியின் ரத்தத்தைச் சோதித்ததில், 'இன்டர்லூகின் 6' என்ற பொருள் மட்டுமீறிக் கிடந்தது.

டாக்டர் ஜூனுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. காரணம், வைத்திய ஆராய்ச்சி மட்டும் அல்ல. அவருடைய சொந்த மகளுக்குக் குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் இருந்தது. அந்த நோய்க்கு வந்திருந்த புதிய மருந்துகளைத் தகப்பனார் கவனித்து வந்தார். 'டோஸிலிஜுமாப்' என்ற மருந்து இன்டர்லூகின் 6-ஐ அடக்கும் என்பது அவருக்கு நினைவு வந்தது. மூட்டுவாத மருந்தை இந்த நிலைக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஜுரம் தணிந்தது.

மே 2-ஆம் தேதி எமிலி கண் விழித்தாள். அன்று அவளுக்கு ஏழாவது பிறந்த நாள்! அடுத்த வாரம் எலும்பு மஜ்ஜையைச் சோதித்தார்கள். புற்றணு ஒன்றுகூடத் தென்படவில்லை. 2022-ல், நோயில்லாத பத்தாண்டுகளைப் பூர்த்தி செய்தாள். பின்னர் அதே பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தாள்.

எல்லோருக்கும் எட்டுமா?

எல்லோருக்கும் இப்படி முடிந்துவிடுவதில்லை. 2014-ல் வெளியான அறிக்கையின்படி, இந்தச் சிகிச்சை பெற்ற 30 பேரில் 27 பேருக்கு நோய் மறைந்தது. அவர்களில் சிலருக்குத் திரும்பியும் வந்தது. அந்தக் கொக்கி நல்ல 'பி அணு'க்களையும் விட்டுவைப்பதில்லை. ஆகையால் பலருக்கு நோய் எதிர்ப்புப் பொருளை வெளியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புக்களில் கட்டியாக வரும் புற்றுநோய்களிடம் இந்த முறை இதே போன்ற வெற்றியை இன்னும் காணவில்லை.

விலையோ தலை சுற்றும். 2017-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தபோது ஒரு முறைக்கு 4,75,000 டாலர். அன்றைய கணக்கில் மூன்று கோடி ரூபாய். ஒவ்வொருவருக்கும் தனித் தனியாகத் தயாரிக்க வேண்டியதும் இதற்கு ஒரு காரணம்.

நம் நாட்டிலும் முயற்சி நடந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார் 19' 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. அயல்நாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் சாமானியக் குடும்பம் வீட்டை விற்றாலும் எட்டாத தொகை. தவிர, அப்போது அனுமதி கிடைத்தது பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டுமே. ஆறு வயது எமிலி இங்கே பிறந்திருந்தால் அவளுக்கு அந்தச் சிகிச்சை கிடைத்திருக்காது.

மூன்று கோடி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்க ஆறே ஆண்டுகள்தான் ஆயின. இன்னும் இறங்க வேண்டும். சின்னஞ் சிறுசுகளுக்கும் கிடைக்க வேண்டும். மருந்து அவரவர் ரத்தத்திலேயே இருக்கும்போது, பணமில்லை என்பதற்காக ஒரு குழந்தை அதை இழப்பது நியாயமா?