மதுரைக்கு ஏற்ற போர்வை

மதுரையில் இருந்துகொண்டு போர்வையைப் பற்றி எழுதப் புகுந்தால் நேயர்கள் நகைக்கக்கூடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகை மணலில் கூட்டத்தின் நடுவே நின்றவர்களுக்குப் போர்வை என்ற சொல்லைக் கேட்டாலே வியர்க்கும். ஆனால் அதே சித்திரை மாதத்தில், அதே ஊரில், இரவு பதினொரு மணிக்கு நடப்பதென்ன? குளிர்சாதனப் பெட்டியை ஓடவிட்டு, அதன் கீழே கழுத்து வரையில் போர்த்திக்கொண்டு குடும்பம் குடும்பமாக உறங்குகிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் கம்பளி தேடும் விநோதத்தை நம் தலைமுறை கண்டுவிட்டது. மார்கழி விடியலில் கோலமிடும் பெண்டிருக்கும், முதல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் முதியோருக்கும் போர்வை என்றுமே வேண்டியிருந்தது. ஆகவே, சமவெளியில் போர்வை வேண்டுமா என்பதல்ல கேள்வி. எப்படிப்பட்ட போர்வை என்பதே கேள்வி.

இக்கேள்வியை நாம் பட்டுத்தான் கற்றோம். சில வருஷங்களுக்கு முன் நம் பள்ளிப் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஊசியும் நூலும் கொண்டு சதுரம் சதுரமாகப் பின்னி, அவற்றை இணைத்து ஐந்து போர்வைகள் செய்தார்கள். ரோஜா நிறம், கிளிப்பச்சை, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். அவற்றை நகருக்கு வெளியே உள்ள முதியோர் இல்லம் ஒன்றிற்குக் கொண்டுபோய்க் கொடுத்து, புகைப்படமும் எடுத்துக்கொண்டு திரும்பினோம். மூன்று மாதம் கழித்து மறுபடி சென்றபோது, ஒரு போர்வையாவது ஒருவர் மேலாவது இருக்கவில்லை. நான்கை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது, ஜன்னலில் வெயிலுக்கு மறைப்பாகத் தொங்கியது. "நல்லாத்தான் இருக்கு தாயி, போர்த்துனா புழுங்குது, எடுத்தா குளிருது" என்று ஒரு பாட்டி நம் மனம் நோகாதபடி மெல்லச் சொன்னார்.

குற்றம் பாட்டியினுடையதன்று, நூலினுடையது. கடைகளில் 'உல்லன்' என்று நாம் கேட்டு வாங்கும் நூலில் பெரும்பாலானது ஆட்டைக் கண்டதே இல்லை. அது அக்ரிலிக், பெட்ரோலிய எண்ணெயிலிருந்து பிறந்த இழை. அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 'ஆர்லான்' என்னும் பெயரில் 1950-ல் அதை வியாபாரத்துக்காகச் செய்யத் தொடங்கியது. விலை மலிவு, நிறம் பளிச்சென்றது, பூச்சி அரிக்காது. எல்லாம் சரியே. ஆனால் வியர்வையை அது உறிஞ்சாது. உடலின் ஈரம் உடலிலேயே தங்கும். நெருப்பருகே சென்றால் உருகி ஒட்டும். அடுப்படியிலும் குத்துவிளக்கருகிலும் புழங்குவோர் இதை மறக்கலாகாது.

அப்படியானால் உண்மையான கம்பளியே வாங்கலாமே என்று தோன்றும். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து வயல்களில் அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போட்டிருப்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ஆயிரம் ஆடுகள் படுத்திருக்கும். ஆயினும் அவற்றிலிருந்து ஒரு கையுறைக்கும் கம்பளி தேறாது! வேம்பூர் ஆடு, ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் ஆகிய நம் பக்கத்துச் செம்மறிகள் யாவும் ரோமம் மட்டுமே உடையவை; கம்பளி தரும் ஜாதி அல்ல. இந்த வெயிலில் கம்பளி சுமந்து திரிவது ஆட்டுக்கே கட்டாது போலும். கோயம்புத்தூர்க் குறும்பையும் திருச்சிக் கருங்குறும்பையும் தருவது முரட்டுக் கம்பளி. மெல்லிய கம்பளி வேண்டுமானால் நீலகிரி ஆட்டிடம் போக வேண்டும்.

ஆட்டுக்கிடையைத் தாண்டித் தெற்கே சற்று நடந்தால் கரிசல் மண். அங்கே விளைந்தது கருங்கண்ணிப் பருத்தி. ஹார்வி மில்லின் சங்கொலியையும் மீனாட்சி மில்லின் சங்கொலியையும் கேட்டு நேரம் அறிந்த ஊர் இது. பஞ்சுக்கும் நூலுக்கும் பெயர்பெற்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டு எண்ணெயில் பிறந்த நூலை நாம் தேடிப் போனோம்.

மஹாத்மா காந்தி 1921-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி, மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது, இடைத்துணி மட்டும் உடுத்தும் முடிவுக்கு வந்தார் என்பது மதுரைக் குழந்தைகளும் அறிந்த கதை. ஆனால் அந்த அறிக்கையில் இன்னொரு வார்த்தையும் உண்டு. தொப்பியையும் சட்டையையும் நீக்கி, இடைத்துணியோடும், உடலைக் காக்க வேண்டிய சமயத்தில் ஒரு போர்வையோடும் இருப்பதாகவே அவர் சொன்னார். எதையெல்லாம் விடலாம் என்று எண்ணிப் பார்த்த மனிதர், போர்வையை மட்டும் விடவில்லை. அதை நாம் சிலைகளில் பார்க்கிறோம். கதையில் சொல்ல மறந்துவிடுகிறோம்.

பருத்தியில் பின்னினால் கனமாகாதா, புழுங்காதா என்று சகோதரிகள் கேட்பார்கள். வீட்டு ஆண்கள் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் திருப்பூர்ப் பனியனே இதற்குப் பதில். பனியனும் பின்னல்தான், தறியில் நெய்ததல்ல. கண்ணிக்குக் கண்ணி இடைவெளி இருப்பதால் காற்று உள்ளே வரும். பருத்தியாகையால் வியர்வையை உறிஞ்சும். அதையே பருமனான நூலில், கையால், நிதானமாகச் செய்தால் போர்வையாகிறது. கனம் ஓரளவு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறோம்.

நூல் விஷயத்தில் சற்றுக் கவனம் வேண்டும். ஒரு பவுண்டு நிறையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே நூலின் நம்பர். 10-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 8,400 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஓர் இழையைக் கொண்டு போர்வை பின்ன முடியாது. 10-ஆம் நம்பர் நூலில் எட்டு இழைகளைச் சேர்த்தால் பவுண்டுக்கு ஆயிரம் கஜத்துக்குச் சற்று மேல் வரும். அது 4 மில்லிமீட்டர் ஊசிக்கு, அதாவது கடைக்காரர் 8-ஆம் நம்பர் என்று தரும் ஊசிக்கு, சரியான பருமன். இழைகளைச் சும்மா சேர்த்துப் பின்னினால் ஊசி முனை நூலின் நடுவே புகுந்து பிரித்துவிடும். பரணில் பழைய தக்ளி கிடந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். நூற்ற முறுக்குக்கு எதிர்ப்புறமாக அதைச் சுழற்றி எட்டிழையையும் ஒன்றாக முறுக்கினால், பிரியாத, உருண்டையான நூல் கிடைக்கும். எதிர்ப்புறம் என்பதை மறந்து அதே பக்கம் முறுக்கிய ஒரு மாணவியின் நூல், பாம்பைப் போலச் சுருண்டு சுருண்டு ஒரு வார உழைப்பை விழுங்கிவிட்டது.

பின்னல் எளியதிலும் எளியது. கார்டர் பின்னல் என்பார்கள். எல்லா வரியும் பிளெயின். அழகுக்காக ஒரு வரி பிளெயின், ஒரு வரி பர்ல் என்று பின்னினால் ஓரங்கள் அப்பளம்போல் சுருளும்; போர்வைக்கு ஆகாது. கார்டரில் துணி தட்டையாகவே கிடக்கும், இருபக்கமும் ஒன்றுபோல் இருக்கும். 32 கண்ணி, 64 வரி என்றால் ஏறக்குறைய ஆறு அங்குலச் சதுரம். கைக்குக் கை இறுக்கம் வேறுபடுமாதலால் முதலில் ஒரு சதுரம் பின்னி அளந்து பார்க்க வேண்டும்.

கண் மங்கிய பெரியவர்களுக்கு 32 என்று எண்ணுவதும் தொந்தரவே. அவர்களுக்கு மூலைவாட்டுப் பின்னல் உகந்தது. ஒரே கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு வரியின் ஆரம்பத்திலும் ஒன்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். பக்கவாட்டு ஓரம் ஆறு அங்குலம் வந்ததும் அதேபோல் ஒவ்வொன்றாகக் குறைத்து, மறுபடி ஒரு கண்ணியில் முடித்துவிட வேண்டும். எண்ணிக்கை வேண்டாம், விரலே அளவு சொல்லும்.

நான்கடி அகலம், ஐந்தடி நீளம் என்றால் எட்டுக்குப் பத்து, 80 சதுரங்கள். ஏறக்குறைய ஒரு கிலோ நூல். வீட்டில் நான்கு பேர் நாளுக்கு ஒன்றாகப் பின்னினால் இருபது நாள்; ஒருவரே என்றால் எண்பது நாள். ஒரு சதுரத்தில் 2,048 கண்ணி; முழுப் போர்வையில் 1,63,840. கணக்குப் பாடம் கசந்த ஒரு பெண், இதைத் தானே பெருக்கி விடை கண்டு திகைத்துப் போய் நம்மிடம் காட்டினாள்.

இவ்வளவு பாடுபடுவானேன், கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்பது நியாயமான கேள்வி. தான தர்மத்துக்கு வாங்கப்படும் மலிவுப் போர்வைகளில் பலவும் ஹரியாணாவின் பானிபட்டிலிருந்து வருகின்றன. வெளிநாட்டார் கழித்துப் போட்ட கம்பளி உடைகளைக் கிழித்துப் பஞ்சாக்கி மீண்டும் நூற்று அங்கே நெய்கிறார்கள். அதுவும் உழைப்புத்தான், வடநாட்டுக் குளிரில் எத்தனையோ உயிர்களைக் காப்பது. குறை கூற மாட்டோம். ஆனால் மதுரைப் பாட்டிக்கு அது உறுத்தும், புழுங்கும். விலையில் நாம் பானிபட்டை வெல்ல முடியாது. உடம்புக்கு ஏற்றதைச் செய்வதில் வெல்லலாம்.

கூடிப் பின்னினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சென்னையே சான்று. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் பெண்கள் குழுவினர் 2016-ஆம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி, கொக்கி ஊசியால் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர்ப் போர்வையை விரித்து, கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார்கள். இரண்டே முக்கால் ஏக்கர்! சாதனை முடிந்ததும் போர்வைகள் இல்லாதோருக்குப் போய்ச் சேர்ந்தன. அவர்களது ஒற்றைக் கொக்கி ஊசி. நமது இரட்டை ஊசி. வேலை வேறு, பொறுமை ஒன்றே.

நம் முதல் பருத்திப் போர்வையும் ஒரு பாடம் கற்பித்தது. துவைத்த ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டோம். மாலையில் பார்த்தால் ஒரு சாண் நீண்டிருந்தது! ஈரப் பருத்தி தன் கனத்தாலேயே இழுபடும். அதைத் தட்டையாக, பாயின் மேல் பரப்பி உலர்த்த வேண்டும். சதுரங்களை இணைக்கும்போதும் அதே நூலால் இறுக்காமல் தைக்க வேண்டும். இறுக்கினால் நடுவில் குமிழ் எழும்.

அந்த நீண்ட போர்வையையே முதியோர் இல்லத்துக்கு எடுத்துப் போனோம். பாட்டி அதைப் போர்த்திக்கொள்ளவில்லை; முதலில் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "இது பிரிஞ்சா என்ன தாயி ஆகும்?" என்றார். நெய்த துணி கிழிந்தால் கிழிந்ததே. பின்னியதை அவிழ்த்தால் நூல் முழுசாகத் திரும்பி வரும், மறுபடி பின்னலாம் என்று சொன்னோம். சற்று நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் தமக்கும் இரண்டு ஊசி கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தோம். மூலைவாட்டில் அவர் பின்னிய முதல் சதுரம் ஏழரை அங்குலம் இருந்தது. அவிழ்க்க ஒப்பவில்லை. இப்போது பின்னிக்கொண்டிருக்கும் போர்வையின் ஒரு மூலையில் அது சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கிறது.