கர்ப்பிணியின் தலைவலியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்



"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். தோட்டத்து மருந்தகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அடுத்தவர் தலைவலிதான் அன்றாட வேலை. காலையில் பிரட்டு முடிந்ததும் வாசலில் வந்து நிற்பவர்களில் பலர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஐயா, மண்டையைப் பொளக்குது. ரெண்டு பனடோல் குடுங்க."

பெரும்பாலும் அது சாதாரணத் தலைவலியாகவே இருக்கும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போயிருப்பார், வெயிலில் போதிய தண்ணீர் குடித்திருக்க மாட்டார், அல்லது இரவு சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். நெற்றியில் கோடாலித் தைலம் தடவி, இரண்டு மாத்திரை போட்டுப் படுத்தால் சரியாகிவிடும். ஆனால் எல்லாத் தலைவலியும் ஒன்றல்ல. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கு வரும் தலைவலி, தாயின் உயிருக்கும் பிள்ளையின் மூளைக்கும் சேர்த்து அடிக்கப்படும் எச்சரிக்கை மணியாக இருக்கலாம். இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தவறு ஒன்றினாலும் தெரிந்துகொண்டேன்.

நான் செய்த தவறு

சுமார் 15 ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. ஏழு மாதம் நிறைந்த ஒரு பெண் காலையில் வந்தார். தலைப்பிள்ளை. "ரெண்டு நாளா தலைவலிங்கய்யா, கண்ணுல பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு" என்றார். முகமும் கொஞ்சம் உப்பியிருந்தது. வாசலில் கூட்டம். பிரஷர் பார்க்கும் கருவி மேசை மேல்தான் இருந்தது. அதை எடுத்து அவர் கையில் சுற்ற ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சுற்றவில்லை. இரண்டு பனடோல் கொடுத்து, "போய்ப் படும்மா, சரியாப் போயிடும்" என்று அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு அவர் கணவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தப் பெண்ணுக்குக் கை கால் இழுத்து வலிப்பு வந்திருந்தது. வீட்டில் இருந்த பெரியவர்கள், காத்துக் கருப்பு அடித்துவிட்டதென்று திருநீறு போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து வேனில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உயிர் பிழைத்தார். அறுவை செய்து எடுத்த பிள்ளை பிறந்தவுடன் அழவில்லை. இன்று அவன் பள்ளிக்குப் போகிறான், நன்றாகச் சிரிக்கிறான். ஆனால் இரண்டு கால்களும் விறைப்பு. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது.

அன்று காலை நான் பிரஷர் பார்த்திருந்தால் எல்லாமே தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் அரைநாள் முன்னதாக ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார், வலிப்பு வருவதற்கு முன்பே மருந்து ஏறியிருக்கும். அந்தத் தாய் இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. அதனால்தான் என் மனம் இன்னும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இது என்ன நோய்?

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் பிரீஎக்லாம்ப்சியா. முற்றி வலிப்பு வந்தால் எக்லாம்ப்சியா. கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பிறகு இது தலைகாட்டும். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போகும். பெரும்பாலும் சிறுநீரில் புரதம் இறங்கும். 160/110 என்றால் மிகவும் ஆபத்து.

நோயின் வேர் நச்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயின் கருப்பை இரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்து, நச்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தம் பாய வேண்டும். அவை சரியாக விரியாவிட்டால் நச்சுக்கொடி வாடுகிறது. வாடிய நச்சுக்கொடியிலிருந்து கிளம்பும் பொருள்கள் தாயின் உடம்பெங்கும் உள்ள இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. மூளையைத் தாக்கினால் தலைவலி, கண் மங்கல், வலிப்பு. ஈரலைத் தாக்கினால் வலது விலாவுக்குக் கீழே வலி. அந்த நேரத்தில் பிள்ளைக்குப் போகும் உணவும் பிராணவாயுவும் குறைந்துபோகும். சில சமயம் நச்சுக்கொடி முன்னதாகவே பிய்ந்துவிடும். தாயைக் காப்பாற்றப் பிள்ளையைக் குறைமாதத்தில் எடுக்க வேண்டியும் வரும். இந்த மூன்று வழியிலும் பிள்ளையின் மூளைக்குச் சேதம் வரலாம்.

ஒன்றை மறவாதீர்கள். சிலருக்குத் தலைவலியே இல்லாமலும் பிரஷர் ஏறியிருக்கும். ஆகவே வலி இல்லையென்று கிளினிக் தேதியைத் தவறவிடக்கூடாது. ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்புச் சற்று அதிகம். "எனக்கு எப்பவும் வர்றதுதானே" என்று அவர்கள் இருந்துவிடக்கூடாது.

பேதி உப்பு செய்யும் வேலை

அன்று ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் கையில் ஏற்றிய மருந்து எது தெரியுமா? மெக்னீசியம் சல்பேட். நம் தாத்தா பாட்டி காலத்தில் வயிற்றைச் சுத்தம் செய்யக் கரைத்துக் குடித்தார்களே, அந்தப் பேதி உப்புதான்! ஆஸ்பத்திரியில் அதைச் சுத்தப்படுத்தி ஊசி மருந்தாக இரத்தத்தில் செலுத்துகிறார்கள்.

முன்பெல்லாம் இந்த வலிப்புக்குச் சில நாடுகளில் டயாசிபாம் கொடுத்தார்கள், சில நாடுகளில் ஃபெனிட்டாயின் கொடுத்தார்கள். எது சிறந்தது என்று டாக்டர்களிடையே வாதம் இருந்தது. 1995இல் 1,687 பெண்களிடம் நடத்திய பன்னாட்டு ஆய்வு வாதத்தை முடித்து வைத்தது. மெக்னீசியம் கொடுத்த பெண்களுக்கு மறுபடி வலிப்பு வருவது மற்ற இரண்டு மருந்துகளையும்விட வெகுவாகக் குறைந்தது. 2002இல் "மேக்பை" என்ற ஆய்வு வெளிவந்தது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் அதில் கலந்துகொண்டார்கள். வலிப்பு வருமுன்பே மெக்னீசியம் கொடுத்தால், வலிப்பு வரும் ஆபத்து பாதிக்கும் மேல் குறைகிறது என்று அது காட்டியது.

இன்னொரு நன்மையும் தெரியவந்தது. குறைமாதப் பிரசவம் ஆகப்போகும் தாய்க்கு இதே மருந்தைக் கொடுத்தால் பிள்ளையின் மூளைக்கும் ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. 2008இல் அமெரிக்காவில் 2,241 தாய்மார்களிடம் நடந்த ஆய்வில், நடுத்தரமான அல்லது கடுமையான மூளைவாதம் வந்த பிள்ளைகள் மருந்து பெறாத பிரிவில் 100க்கு 3.5 பேர், பெற்ற பிரிவில் 1.9 பேர். மூளைவாதம் என்பது கை கால் விறைத்து, நடக்கவும் பிடிக்கவும் சிரமப்படும் நிலை. ஆங்கில மருத்துவத்தில் செரிப்ரல் பால்சி என்பார்கள். இப்போது 32 வாரத்துக்கு முன் பிரசவிக்கப்போகும் தாய்க்கு இம்மருந்தைக் கொடுக்க உலகச் சுகாதார நிறுவனமும் சிபாரிசு செய்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் பேதி உப்பு வாங்கிக் குடிக்க வேண்டாம்! குடித்தால் வயிற்றாலைதான் போகும், பிள்ளையைக் காப்பாற்றாது. ஊசியாக ஏற்றும்போதும் அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் தாதியர் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள், மூச்சை எண்ணுகிறார்கள், சிறுநீரை அளக்கிறார்கள். இது ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்ய வேண்டிய வைத்தியம்.

பிறந்த பிறகு மூளையைக் காப்பாற்ற முடியாதா?

இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்து, மூச்சு முட்டி மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, உடம்பின் சூட்டை 33.5 டிகிரி அளவுக்குக் குறைத்து, 72 மணி நேரம் வைத்திருப்பார்கள். 2005க்குப் பிறகு பணக்கார நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இது நல்ல பலன் தந்தது.

ஆனால் இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் சென்னை உட்பட உள்ள ஆஸ்பத்திரிகளில் 408 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. குளிர்வித்த பிள்ளைகளில் 100க்கு 42 பேர் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 பேர். அங்கே பல பிள்ளைகளுக்கு மூளைச் சேதம் பிரசவ வலி வருமுன்பே, தாயின் வயிற்றிலேயே தொடங்கியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? பிறந்த பிறகு சரிசெய்து கொள்ளலாம் என்று இருக்க முடியாது. பிள்ளையின் மூளையைக் காப்பாற்றும் வேலை, தாயின் பிரஷரைப் பார்ப்பதில் தொடங்குகிறது. வீட்டில் யாரும் பிள்ளையைக் குளிர்விக்கவும் கூடாது. பிறந்த பிள்ளையைத் துடைத்து, தாயின் மார்போடு அணைத்துக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும்.

எந்த மாத்திரை, எவ்வளவு?

கர்ப்பிணிக்குத் தலைவலி என்றால் பனடோல் போன்ற பாரசிட்டமால் மாத்திரையே முதல் தேர்வு. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. குறைந்த அளவில், குறைந்த நாட்களே சாப்பிட வேண்டும். பொன்ஸ்டான், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை, முக்கியமாக 20 வாரத்துக்குப் பிறகு, டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. அவை பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதய இரத்தக் குழாயையும் பாதிக்கலாம்.

ஆஸ்பிரின் விஷயம் வேறு. முன் பிரசவத்தில் இந்த நோய் வந்தவர்கள், ஏற்கெனவே பிரஷர், இனிப்பு நீர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் போன்றோருக்கு நோயைத் தடுக்க டாக்டர்கள் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு. ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், குறைமாதத்திலேயே பிரசவிக்க வைக்கும் வகை பிரீஎக்லாம்ப்சியா இதனால் பாதிக்கும் மேல் குறைந்தது. ஆனால் இதை மூன்று நான்கு மாதத்துக்குள் தொடங்க வேண்டும், டாக்டர் சொன்ன அளவில் மட்டுமே சாப்பிட வேண்டும். ஆகவே "வயிறு தெரியட்டும், அப்புறம் கிளினிக்குக்குப் போகலாம்" என்று இருக்காதீர்கள். தள்ளிப்போனது தெரிந்ததுமே பதிந்துகொள்ளுங்கள்.

மற்றத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி மாத்திரை விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். மருந்து தெளித்த பிறகு தலைவலியோடு வாந்தியும் கண் மங்கலும் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காமல் உடனே மருந்தகத்துக்கு வாருங்கள்.

உடனே புறப்பட வேண்டிய நேரம்

கர்ப்பிணிக்கோ, பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாத தாய்க்கோ கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்:

1. மாத்திரை போட்டும் விடாத தலைவலி.
2. கண் மங்கல், கண்முன் மின்னல் அல்லது பூச்சி பறப்பது.
3. வலது விலாவுக்குக் கீழே அல்லது மேல்வயிற்றில் வலி.
4. முகமும் கைகளும் திடீரென்று வீங்குவது.
5. பிள்ளையின் அசைவு குறைவது.
6. வலிப்பு.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்காதீர்கள். கையில் இரும்பு கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். 999க்கு அழையுங்கள். கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள். கிளினிக்கில் அதன்மேல் ஒட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கு அர்த்தம் இருக்கிறது. சிவப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்கு அங்கே இடமில்லை.

கணவன்மார்களே, மாமியார்மார்களே! கிளினிக் நாளில் ஒரு நாள் கூலி போகிறதே என்று பார்க்காதீர்கள். மருந்தகத்துக்கு வரும் தாய்மார்களே! நீங்களும் கூச்சப்படாமல், "ஐயா, மாத்திரை அப்புறம். முதல்ல பிரஷர் பாருங்க" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. அன்றொரு நாள் அந்தப் பெண் என்னிடம் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இன்று என் மருந்தகத்தில் எந்தக் கர்ப்பிணிக்கும் பிரஷர் பார்க்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுப்பதில்லை.