தமிழ் நிபந்தனை எச்சமும் ஆங்கில இரண்டாம் நிபந்தனைத் தொடரும்: கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சூழலை முன்வைத்து

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், ஆந்திர எல்லைக்கு அருகே அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. அங்குத் தமிழர், தெலுங்கர், வடமாநிலத்தவர் எனப் பல மொழியினர் ஒரே தளத்தில் பணிபுரிகின்றனர். இத்தகைய ஆலைச் சூழலில் இயந்திரக் கையேடுகளும் பாதுகாப்புப் பயிற்சித் தாள்களும் பெரிதும் ஆங்கிலத்தையே சார்ந்துள்ளன. அவற்றில் 'இஃப் த வால்வ் ஃபெயில்டு, த பிரெஷர் வுட் ரைஸ்' என்பது போன்றதொரு தொடர் வருவதாகக் கொள்ளலாம். 'ஃபெயில்டு' என்னும் இறந்தகால வடிவத்தை மட்டும் பற்றிக்கொள்பவர், வால்வு முன்பே பழுதாகிவிட்டது எனப் பொருள் கொள்ளக்கூடும். உண்மையில் பழுது ஏதும் நிகழவில்லை. நிகழ்ந்தால் என்னாகும் என்று எண்ணிப்பார்க்கவே தொடர் சொல்கிறது. நிகழ்ந்த பழுதைப் பற்றிய அறிக்கையும் நிகழாத பழுதைப் பற்றிய ஒத்திகையும் ஆலைத் தளத்தில் வெவ்வேறு செயல்களை வேண்டுவன.

இறந்தகால வடிவம் எதிர்காலப் பொருள் தருவது தமிழ் மாணவருக்குப் புதிது என்று வகுப்பறைகளில் விளக்கப்படுவதுண்டு. இவ்விளக்கம் பொருந்தாது. வந்தால், செய்தால், ஓடினால் என்னும் எச்சங்களில் 'ஆல்' ஈற்றுக்கு முன் நிற்பவை ந்த், த், இன் என்னும் இறந்தகால உருபுகளே. தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கண நூலும் இவ்வடிவத்தை இவ்வாறே பகுக்கிறது. பழைய 'செயின்' வாய்பாட்டில் இறந்தகால உருபு இல்லை. நன்னூல் அதனை எதிர்கால வினையெச்சங்களுள் வைக்கிறது. 'நாளை மழை பெய்தால்' என்று சொல்லும் குழந்தை, 'பெய்தால்' என்பதிலுள்ள தகர உருபால் குழம்புவதில்லை. ஆங்கில எச்சத்தொடரில் இறந்தகால வடிவம் வருவதை விளக்க இதைவிட எளிய வழி தேவையில்லை.

இடர்ப்பாடு முற்றுவினையில் உள்ளது. 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்பது, பணம் கிடைக்கக்கூடியவர் கூற்றாகவும் அதற்கு வழியே இல்லாதவர் கூற்றாகவும் அமையும். ஆங்கிலம் முன்னதற்கு 'வில்', பின்னதற்கு 'வுட்' என முற்றைப் பிரிக்கிறது. தமிழில் அவ்வேறுபாட்டைச் சூழலே உணர்த்தும்; வேண்டுமாயின் 'என்று வைத்துக்கொள்வோம்', 'மட்டும்' போன்றவை துணைக்கு வரும். எனவே 'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வில் பை இட்' என்னும் கலப்புத் தொடர் பிறக்கிறது. திருத்தம் பெற்ற மாணவர் சிலர், அடுத்து 'வுட்' என்பதை எச்சத்தொடரிலும் சேர்த்துவிடுவர். இரண்டாம் வகைக்கு 'இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்' என்று பொருள் எழுதித்தருவது சிக்கலைப் பெருக்கும். அது கடந்தகாலத்தில் நிகழாததைக் கூறும் மூன்றாம் வகைக்கு உரியது. பேச்சுத் தமிழில் 'இறக்கை இருந்தால் பறந்திருப்பேன்' என்பதும் இயல்பாக வழங்குவதால், ஆங்கிலத்தின் மூவகைப் பகுப்பைத் தமிழ்மேல் அப்படியே ஏற்றவும் இயலாது.

தெலுங்கின் 'வஸ்தே' போன்ற வடிவமும் இரு நிலைகளுக்கும் பொதுவானது. இந்தியோ 'பைசா ஹோகா தோ கரீதூங்கா', 'பைசா ஹோதா தோ கரீத்தா' என இருவகையையும் வினைவடிவாலேயே பிரித்துக்காட்டுகிறது. ஆகவே அதே தளத்தில் பணிபுரியும் இந்தி பேசுவோருக்கு இப்பாகுபாடு தாய்மொழியிலேயே பழகியது. பல மொழியினர் பயிலும் வகுப்பில் அனைவருக்கும் ஒரே விளக்கத்தைத் தருவது இதனாலேயே பயன்படாமற் போகிறது.

தொழிற்பழகுநர் நேர்காணலில், உடன்பணியாளர் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர் என்று 'வுட்' இட்டுக் கேட்கப்படும் வினாவுக்கு 'வில்' இட்டு விடை வந்தாலும் கருத்து விளங்கிவிடும். கேட்பவர் பிழையைக் குறித்துக்கொள்ளலாம், ஆபத்தொன்றும் இல்லை. மேற்காட்டிய வால்வுத் தொடரைத் தவறாக உணர்வது அத்தகையதன்று. ஆயினும் பாடநூற் பயிற்சிகள் பெரும்பாலும் கோடிட்ட இடத்தை நிரப்பச் செய்வதோடு நிற்கின்றன. இத்தகைய தொழிற்சூழலில் பயில்வோருக்கு உணர்தற் பயிற்சியே முந்துதல் தகும்: 'வால்வு பழுதாயிற்று', 'வால்வு பழுதானால் அழுத்தம் உயரும்', 'வால்வு பழுதாகியிருந்தால் அழுத்தம் உயர்ந்திருக்கும்' என மூன்றையும் கரும்பலகையில் எழுதி, எதைக் கேட்டவுடன் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று வினவுவதிலிருந்து பாடம் தொடங்கலாம்.