வீணையின் நாதம் கடைசி வரிசைக்கும் கேட்க...

திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரையம்பதிக்கு எழுந்தருளி, ஆலவாய் அண்ணலின் சந்நிதியில் யாழ் மீட்டிப் பாடிய வரலாற்றைப் பெரியபுராணம் உரைக்கிறது. தரையின் குளிர்ச்சி தாக்கினால் யாழ் நரம்புகளின் கட்டுத் தளர்ந்துவிடும் என்பதால், யாழுக்குப் பலகை இடுமாறு இறைவனே அசரீரியாய்ப் பணித்தான். அவ்வாறே பலகையும் இடப்பட்டது. திருவிளையாடற் புராணத்திலும், பாணபத்திரரின் பொருட்டு, 'பலகை இட்ட படலம்' என்றே ஒரு படலம் அமைந்துள்ளது. இசைக்கு உகந்த ஈசன், இசைக்கருவி ஈரத்தில் படலாகாது என்பதிலும் கருத்தாக இருந்தான் என்பதை இவ்வரலாறுகள் காட்டுகின்றன.

அந்நாளில் ஈரத்தால் கெட்டது நரம்பின் சுருதி. இந்நாளில் ஆலய மண்டபத்தில் வீணையோடு மின்சாரமும் சேர்ந்து வருகிறது. ஆகவே ஈரம், வாசிப்பவரின் உயிருக்கே ஊறு செய்யக்கூடும். நவராத்திரிக் கொலுவின் முன்போ, உற்சவ நாள்களிலோ வீணைக் கச்சேரி ஏற்பாடு செய்யும் அன்பர்கள், ஆம்ப்ளிஃபையரை அமைக்கும் முறையையும் அறிந்திருத்தல் நலம்.

நாகஸ்வரமும் தவிலும் திருவீதிகளுக்கென்றே அமைந்த கருவிகள். அவற்றிற்கு ஒலிபெருக்கி தேவையில்லை. வீணையோ பலாமரக் குடத்தில் பிறக்கும் மென்மையான நாதத்தை உடையது. அருகில் அமர்ந்தோர்க்கு அமுதமாய்க் கேட்கும் கமகம், பத்து வரிசைக்கு அப்பால் அமர்ந்தோர்க்கு எட்டாது. அந்த மென்மை மாறாமல் நாதத்தைத் தொலைவுக்குக் கொண்டு சேர்ப்பதே ஆம்ப்ளிஃபையரின் பணி. வீணையை நாகஸ்வரமாக்குவது அதன் பணியன்று.

ஈரமற்ற இடமே முதல் தேவை

ஆலயத்தில் அனைவரும் வெறுங்காலுடன் இருக்கிறோம். அபிஷேக நீர், தீர்த்தம், கழுவிவிட்ட கல்தளம் என எங்கும் ஈரம். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலுக்கு அந்தத் தடுப்பாற்றல் மிகக் குறைவு. நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் வருவது 230 வோல்ட் மின்சாரம். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவர், மின்கசிவுள்ள மைக் ஸ்டாண்டைத் தொட்டாலே பேராபத்து நேரும்.

எனவே மேடைக்கு அபிஷேக நீர் ஓடி வராத இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். தரையை நன்றாகத் துடைத்து உலர்த்தி, மரப்பலகையோ மணையோ இட்டு, அதன்மேல் கனமான ஜமுக்காளம் விரிக்கலாம். ஆம்ப்ளிஃபையரையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் தரையில் வைக்காமல் உயரமான பலகைமீது வைக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரின் மூன்று முனை ப்ளக்கில் பருமனாகவும் நீளமாகவும் இருப்பது எர்த் முனை. கருவியின் உலோகப் பெட்டியில் மின்சாரம் கசிந்தால், அது மனித உடல் வழியே பாயாமல் நிலத்திற்குச் செல்ல வழி செய்வது இதுவே. ஒலிபெருக்கியில் 'உம்' என்ற இரைச்சல் கேட்டால், சிலர் இந்த எர்த் இணைப்பைத் துண்டித்துவிடுவதுண்டு. இரைச்சல் நின்றுவிடும்; காவலும் போய்விடும். ஒருபோதும் அவ்வாறு செய்யலாகாது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே மின்பலகையிலிருந்து இணைப்புக் கொடுப்பதும், மைக் வயரை மின்சார வயரோடு ஒட்டிச் செல்லாமல் விலக்கி வைப்பதும் இரைச்சலைக் குறைக்கும். அப்போதும் குறையாவிடில் மைக் வயரை மாற்றிப் பார்க்கலாம்.

மண்டபத்தின் மின்இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுக் காப்பு இருக்கிறதா என்பதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கேட்டறிய வேண்டும். கசிவு ஏற்பட்ட கணத்திலேயே இது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை, கச்சேரிக்கு முன்பு ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வது நல்லது.

எவருக்கேனும் மின்அதிர்ச்சி ஏற்பட்டால் பதற்றத்தில் அவரைத் தொட்டு இழுக்கலாகாது. தொடுபவரும் சேர்ந்து சிக்கிக்கொள்வார். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகே அவரை நெருங்கி உதவி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஆகவே மெயின் சுவிட்ச் எங்குள்ளது என்பதை விழாக் குழுவில் இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

மைக் அமைக்கும் விதம்

வீணைக்கு இருவகை மைக்குகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, குடத்தின் மேற்பலகையில் ஒட்டப்படும் கான்டாக்ட் மைக். இது மரத்தின் அதிர்வை நேரடியாகப் பெறுவதால் சுற்றியுள்ள சந்தடி இதில் ஏறாது. குதிரைக்கு அருகில் ஒட்டினால் ஒலி கூர்மையாகவும், சற்றுத் தள்ளி ஒட்டினால் மென்மையாகவும் வரும். வித்வானோ விதூஷியோ தாமே இடத்தைத் தேர்ந்து ஒட்டிக்கொள்வதே முறை. மற்றொன்று, குடத்தை நோக்கி ஏறக்குறைய ஓர் அடி தூரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தப்படும் சாதாரண மைக். இயல்பான நாதம் இதில் சிறப்பாக அமையும்; ஆயின் மின்விசிறிக் காற்றும், பக்கத்துப் பேச்சும், மிருதங்க ஒலியும் உடன் வந்து சேரும்.

வயலினுக்கும் இவ்வாறே ஓர் அடி தூரத்தில் மைக் வைக்கலாம். சிறிய மண்டபத்தில் மிருதங்கத்திற்குப் பெரும்பாலும் மைக் தேவைப்படாது. வீணைக்கு மைக் வைத்த பிறகும் வீணை கேட்கவில்லையெனில், முதலில் மிருதங்கத்தின் மைக்கைக் குறைத்துப் பார்ப்பது விவேகம்.

திறப்பதற்கும் அணைப்பதற்கும் ஒரு வரிசை

நடை திறப்பதற்கும் சாத்துவதற்கும் முறை உள்ளதுபோல் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரு முறை உண்டு. எல்லா வால்யூம் குமிழ்களையும் பூஜ்யத்தில் வைத்து, மைக் வயர்களையும் ஸ்பீக்கர் வயர்களையும் பொருத்திய பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். தனி மிக்ஸர் இருந்தால் முதலில் மிக்ஸரையும், இறுதியில் ஆம்ப்ளிஃபையரையும் இயக்க வேண்டும். அணைக்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் ஆம்ப்ளிஃபையர், பிறகு மிக்ஸர். இம்முறை தவறினாலும், ஒலி திறந்திருக்கும்போது வயரைப் பிடுங்கினாலும், 'டப்' என்று வெடிப்பதுபோல் ஓசை எழும். அது ஸ்பீக்கரைக் கெடுப்பதோடு, அருகிலிருப்போரின் செவியையும் நெஞ்சையும் அதிரவைக்கும்.

பிறகு கலைஞர், கச்சேரியில் வாசிக்கக்கூடிய மிக அழுத்தமான மீட்டை ஒருமுறை வாசிக்க வேண்டும். அப்போது ஒலி கரகரக்காத அளவுக்கு, அந்த மைக்குக்கு உரிய குமிழை உயர்த்தி நிறுத்தலாம். அதன் பின்னர் மாஸ்டர் குமிழை மெதுவாகக் கூட்ட வேண்டும். கடைசி வரிசையில் முதியவர் ஒருவரை அமரச் செய்து, "தெளிவாகக் கேட்கிறது" என்று அவர் கையசைத்தவுடன் நிறுத்திவிட வேண்டும். மண்டபம் நிறைந்த பின் மக்களின் உடலும் உடையும் ஒலியை ஓரளவு ஈர்த்துக்கொள்ளும். அப்போது சற்றே உயர்த்தினால் போதும்.

ஊளைச் சத்தம் ஏன்?

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மைக்கினுள் நுழைந்து, மேலும் பெருகி, மீண்டும் ஸ்பீக்கர் வழியே வெளிவரும். இச்சுழற்சி நில்லாமல் தொடர்வதே காதைத் துளைக்கும் ஊளைச் சத்தமாகிறது. எழுந்தவுடன் மாஸ்டர் குமிழைக் குறைப்பதே உடனடிப் பரிகாரம். நிலையான பரிகாரம், ஸ்பீக்கர்களைக் கலைஞர்களுக்கு முன்புறமாக, பக்தர்களை நோக்கி வைப்பது. கான்டாக்ட் மைக் ஒட்டிய வீணைக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருந்தால், அதன் அதிர்வில் குடமே அதிர்ந்து 'கும்' என்ற ஓசை விடாது எழும். அப்போது பாஸ் குமிழைக் குறைக்க வேண்டும். மைக்கைக் கருவிக்கு அருகில் கொண்டுவந்து வால்யூமைக் குறைப்பது எப்போதும் நன்மை தரும்.

கல் மண்டபமும் முதியோர் செவியும்

கருங்கல் தூண்களும் தளமும் விதானமும் ஒலியை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. ஒலி மிகுந்தால் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஸ்வரங்கள் குழம்பிவிடும். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கருக்கு 1 மீட்டரில் இருப்பவருக்கும் 8 மீட்டரில் இருப்பவருக்கும் இடையே 18 டெசிபல் வேறுபாடு உண்டாகும். கல் மண்டபத்தில் எதிரொலியால் இவ்வேறுபாடு சற்றுக் குறையலாம். ஆயினும் கடைசி வரிசைக்காகக் கூட்டப்படும் ஒலி முதல் வரிசையைத் தாக்கவே செய்யும். ஸ்பீக்கரை அமர்ந்திருப்போரின் தலைக்கு மேலான உயரத்தில், பின்வரிசையை நோக்கிச் சாய்த்து வைப்பதே இதற்குத் தீர்வு. நீண்ட மண்டபமானால், ஒரு பெரிய ஸ்பீக்கரைக் காட்டிலும் சிறிய ஸ்பீக்கர்கள் சிலவற்றைப் பரவலாகத் தாழ்ந்த ஒலியில் வைப்பது மேல்.

முதுமையில் செவி முதலில் இழப்பது பெரும்பாலும் உயர்ந்த, கூர்மையான ஒலிகளையே. "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்று பெரியோர் கூறுவது இதனால்தான். அவர்களுக்காக ஒட்டுமொத்த ஒலியைக் கூட்டுவது பயன் தராது. பாஸைக் குறைத்தால் சொல்லும் மீட்டும் தெளிவு பெறும். காது கேட்கும் கருவி அணிந்தோர் ஸ்பீக்கரின் நேரெதிரே அமராமல், மேடை நன்கு தெரியும் இடத்தில் அமர்வது நலம்.

பணியிடச் செவிப் பாதுகாப்பு வரையறை ஒன்று, 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடமே. கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் ஒலி மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். வீடு திரும்பிய பின்னும் காதில் 'ங்ஙொய்' என்ற ரீங்காரம் நீடித்தால், அது செவி தரும் எச்சரிக்கை.

அண்டை வீட்டாரும் அடியவரே

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு உரிய அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்கினுள் அன்றி வெளியில் ஒலிபெருக்கி இயக்கலாகாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அளவு வகுக்கப்பட்டுள்ளது. திறந்த மண்டபம் மூடிய அரங்காகாது. எனவே மார்கழி விடியலில் கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கியை விடுத்து, திருப்பாவை முப்பதையும் பக்தர்கள் கூடி வாயாரப் பாடுவதே பொருத்தம். அண்டை வீட்டில் நோயுற்றோரும் கைக்குழந்தையும் அந்நேரம் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

கச்சேரி முடிந்தபின்

அலங்காரத்திற்காக ஆம்ப்ளிஃபையர்மீது பட்டுத்துணி போர்த்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. காற்றுத் துளைகள் அடைபட்டால் கருவி சூடேறிக் கெடும், தீப்பற்றவும் கூடும். குத்துவிளக்கும் கற்பூரத் தட்டும் வயர்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். ஆயுத பூஜையன்று ஆம்ப்ளிஃபையருக்கும் சந்தனம் குங்குமம் இட விரும்பினால், ப்ளக்கைக் கழற்றிய பிறகு வெளிப்பெட்டியில் மட்டும் சிறிது இடலாம். தீர்த்தம் தெளித்தல் வேண்டா. வயர்களை முறுக்காமல் வளையமாகச் சுற்றி, உலர்ந்த பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டும் பழுதின்றி உதவும்.

தூணில் சாய்ந்து கண்மூடி அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கும் வீணை தெளிவாகக் கேட்க வேண்டும்; மேடையில் இருப்போர் அச்சமின்றி வாசிக்க வேண்டும்; அடுத்த தெருவில் உறங்குவோர் அமைதியாய் உறங்க வேண்டும். இம்மூன்றும் அமைந்த கச்சேரியே அம்பிகையின் திருச்செவிக்கு உகந்த நாத சமர்ப்பணம்.