விழாவும் சட்டமும்: நாஜி ஜெர்மனியில் தொழிலாளர் கட்டுப்பாடு (1933–1938)

முன்னுரை

தொழிலாளரை அடக்க முனையும் அரசு படைபலத்தை மட்டுமே நம்பி நெடுநாள் நிலைத்திருப்பது அரிது. அடக்குமுறையை முறையானதாகக் காட்டச் சட்டமும், விரும்பத்தக்கதாகக் காட்டப் பரப்புரையும் அதற்குத் தேவைப்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்ற முறையை, 1933 முதல் 1938 வரையிலான நாஜி ஜெர்மனியின் தொழிலாளர் கொள்கைவழி இக்கட்டுரை விளக்குகிறது.

மே நாளும் மறுநாளும்

1933 பிப்ரவரி 28 ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட அவசர ஆணை, பேச்சு, கூட்டம், சங்கம் ஆகியவற்றுக்கான உரிமைகளை முன்னரே நிறுத்திவைத்திருந்தது. ஏப்ரல் 10 இல் இயற்றப்பட்ட சட்டம், மே முதல் நாளைத் 'தேசிய உழைப்பு நாள்' எனப் பெயரிட்டு விடுமுறையாக அறிவித்தது. அது தொழிலாளர் இயக்கத்தின் நெடுநாள் கோரிக்கை. ஆகவே, தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமையே அரசு விழாவில் பங்கேற்குமாறு உறுப்பினர்களை அழைத்தது. பெர்லினின் டெம்பல்ஹோஃப் திடலில் பெருங்கூட்டத்தின் முன் ஹிட்லர் உரையாற்றினார். மறுநாள் நாஜிப் படையினர் நாடெங்கும் சங்க அலுவலகங்களைக் கைப்பற்றித் தலைவர்களைச் சிறைப்படுத்தினர். சங்கச் சொத்துகள் பறிக்கப்பட்டன. இத்தாலியில் முசோலினி அரசு மே நாளை நீக்கி, ஏப்ரல் 21 ஐ உழைப்பு விழாவாக்கியது. ஜெர்மனியில் விழா நீக்கப்படவில்லை. விழாவுக்கு உரியோரே நீக்கப்பட்டனர்.

சட்டம் மாற்றிய சொற்கள்

சங்கங்களின் இடத்தில் ராபர்ட் லேயின் தலைமையில் ஜெர்மன் உழைப்பு முன்னணி அமைக்கப்பட்டது. ஆனால், ஊதியம் குறித்துப் பேரம் பேசும் அதிகாரம் அதற்கு வழங்கப்படவில்லை. 1933 மே 19 ஆம் நாள் சட்டத்தின்படி, அரசால் அமர்த்தப்பட்ட 'உழைப்புப் பொறுப்பாளர்கள்' அவ்வதிகாரத்தைப் பெற்றனர்.

1934 ஜனவரி 20 ஆம் நாள் சட்டம் சொற்களையே மாற்றியது. முதலாளி 'நிறுவனத் தலைவர்' ஆனார். தொழிலாளர் அவரைப் 'பின்பற்றுவோர்' ஆயினர். முடிவெடுப்பது தலைவரின் உரிமை. விசுவாசம் பின்பற்றுவோரின் கடமை. உறவு இவ்வாறு வரையறுக்கப்பட்டபின், ஊதிய உயர்வுக் கோரிக்கை நலன்களின் மோதலாகக் கருதப்படாமல் விசுவாசக் குறைவாகப் பொருள்கொள்ளப்பட இடமேற்பட்டது. நிறுவனங்களில் அமைந்த நம்பிக்கைக் குழுக்களுக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே இருந்தது. அவற்றுக்கும் முதலாளியே தலைமை தாங்கினார்.

மகிழ்ச்சியின் விலை

1933 நவம்பரில் தொடங்கப்பட்ட 'மகிழ்ச்சிவழி வலிமை' என்னும் அமைப்பு சுற்றுலா, இசை, விளையாட்டு ஆகியவற்றைக் குறைந்த கட்டணத்தில் வழங்கியது. அரசின் நற்கொடையாக இது காட்டப்பட்டது. எனினும், அதன் தாய் அமைப்பான உழைப்பு முன்னணி, சங்கங்களிடமிருந்து பறித்த சொத்தையும் தொழிலாளரின் சந்தாவையும் கொண்டே வளர்ந்தது. 1938 இல் 990 மார்க் விலையில் மக்கள் மகிழுந்து அறிவிக்கப்பட்டது. வாரம் 5 மார்க் செலுத்திச் சேமிக்கும் திட்டத்தில் ஏறத்தாழ 3,36,000 பேர் சேர்ந்தனர். போர் மூண்டதும் ஆலை படைத்துறை உற்பத்திக்குத் திரும்பியது. சேமித்தோர் எவருக்கும் நாஜி ஆட்சியில் வாகனம் கிடைக்கவில்லை.

பரப்புரையின் எல்லை

பரப்புரை தொழிலாளரை முழுமையாக வென்றதா? நம்பிக்கைக் குழுத் தேர்தல்கள் 1934, 1935 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டுமே நடத்தப்பட்டன. படைக்கலப் பெருக்கத்தால் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது, கூடுதல் ஊதியம் தேடித் தொழிலாளர் பணியிடம் மாறினர். 1935 இல் கட்டாயமாக்கப்பட்ட பணிப்புத்தகம் அவர்களின் நகர்வைக் கண்காணிக்க உதவியது. 1938 ஜூனில், குறிப்பிட்ட பணிக்குக் கட்டாயமாக அனுப்பவும் ஊதியத்துக்கு உச்சவரம்பு விதிக்கவும் ஆணைகள் பிறந்தன. மனமுவந்து பின்பற்றுவோருக்கு இத்தகைய ஆணைகள் வேண்டியதில்லை.

முடிவுரை

பரப்புரை சட்டத்திற்கு இசைவைத் தேடித்தந்தது. சட்டம் பரப்புரையை மறுக்கும் குரல்களை அகற்றியது. அதேவேளை, பரப்புரை தோற்ற இடங்களையும் அடுத்தடுத்து வந்த சட்டங்களே காட்டிக்கொடுக்கின்றன. ஆகவே, ஓர் அரசின் தொழிலாளர் சட்டங்களை அதன் புகழுரைகளோடு இணைத்துப் படித்தல் வேண்டும். விழாமேடையில் மறைக்கப்பட்ட எதிர்ப்பு, ஆணைகளின் வாசகங்களில் பதிவாகியிருக்கிறது.